கிராக்கோவில் மூன்று பகல், இரண்டு இரவு

பயணச்சீட்டு விற்கிறவர்களுக்கு ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஏன் போகிறார்கள் என்பது சிலவேளை தெரியவே வராது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் பதினெட்டு வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறேன். சன்னலோர இருக்கை கிடைக்காததற்கு என்மேல் கோபிக்கிறவர்கள், எல்லாம் பதிந்து முடிந்தபின் "மச்சாளையும் ஒருக்கால் கேட்டுப்போட்டு வாறன்" என்று எழும்பிப் போகிறவர்கள், எல்லோரையும் பார்த்தாயிற்று. ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து பிழைக்கிற உங்களுக்கும் இவர்களைத் தெரிந்திருக்கும். தவராசா அண்ணைக்குப் போட்டுக் கொடுத்த பயணம்தான் எனக்குப் புதிது.

வெட்டப்பட்ட பட்டியல்

போலந்தின் கிராக்கோவ் நகரத்துக்கு இப்போது எங்கள் சனம் நன்றாகப் போய்வருகிறது. பழைய அரண்மனை, பெரிய சந்தைச் சதுக்கம், நிலத்துக்குக் கீழே உப்புச் சுரங்கம், எல்லாம் மூன்று நாளில் முடியும். டோர்ட்முண்டில் விமானம் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். எந்த நேரம் எங்கே நிற்க வேண்டும் என்று நானே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கடையில் உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை கேட்க வேண்டும் என்பதுகூட அதில் கடைசி வரியாக இருக்கும். அந்தப் பட்டியலில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தவராசா அண்ணை தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னுடைய பழைய வாடிக்கையாளர். போன ஐப்பசியில் வந்து கிராக்கோவ் என்று சொன்னதும் பட்டியலை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பேனையாலேயே அரண்மனையை வெட்டினார். சதுக்கத்தை வெட்டினார். உப்புச் சுரங்கத்தை இரண்டு தரம் வெட்டினார். கொழுக்கட்டையை மட்டும் விட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அங்க போய் என்ன செய்யப்போறியள் அண்ணை?" என்று கேட்டேன். குரலில் இருந்த சூட்டை நான் மறைக்கவில்லை.

"ஒரு ஆளைப் பாக்கவேணும் தங்கச்சி. ஆள் இருக்கிற இடம்தான் தெரியாது."

பஞ்சாங்கத்தில் இருந்து ஒரு திகதி

எந்த வார இறுதி என்று கேட்டேன். பையில் இருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். தை மாதம் வளர்பிறைத் திருதியை. அது ஒரு புதன்கிழமையில் வந்தது. தை மாதத்தில் அங்கே பனி கொட்டும், சித்திரையில் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏலாது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது" என்றார். சுற்றுலாவுக்கு யாரும் திதி பார்ப்பதில்லை. திதி பார்த்துச் செய்வது திவசம். அது உறைத்தபோது நான் ஏற்கனவே பதிவைத் தொடங்கியிருந்தேன். பயணத்தின் நோக்கம் என்ன என்று கணினி கேட்டது. வேலை, உல்லாசம் என்று இரண்டே கட்டங்கள். ஒன்றையாவது குறிக்காவிட்டால் அடுத்த பக்கம் வராது. உல்லாசம் என்று குறித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆருடைய திவசம் என்று கேட்டபோது மெல்லச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அவரையும் தம்பி ரவியையும், காசுக்கு ஆட்களைக் கள்ளமாகக் கொண்டுபோகிற ஏஜென்சிக்காரர் மொஸ்கோ வழியாகப் போலந்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கிராக்கோவில் ரவிக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ரவியை இறக்கிவிட்டு, வாகனம் இன்றைக்கே போகிறது, நின்றால் இரண்டு பேரும் பிடிபடுவீர்கள் என்று அண்ணையை ஏற்றிவிட்டார்கள். பிறகு ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது, கிராக்கோவில் தங்கிப்போன ஒருவர் தொலைபேசியில் ரவி செத்த நாளைச் சொன்னார், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். ஊரில் பெற்றோருக்கு, தம்பி வழியில் தவறிப்போய்விட்டான், தேடுகிறேன் என்றுதான் அண்ணை எழுதினார். மனைவிக்கும் அதே கதைதான்.

"அவன் தனியப் படுக்கமாட்டான் தங்கச்சி, எனக்குப் பக்கத்திலதான் படுக்கிறவன். அவனைத் தனிய விட்டிட்டு வந்திட்டன்."

பதிவேட்டில் இல்லாதவர்

கிராக்கோவ் மயானங்களின் அலுவலகத்துக்கு எழுதினேன். ரவியின் முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். அப்படி ஒருவர் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அண்ணை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஒருவருடைய கடவுச்சீட்டைப் பார்த்துச் சீட்டில் பெயரை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மடைத்தனம் எனக்கு விளங்கியது. நானும் ஒன்பது வயதில் வேறொரு பிள்ளையின் கடவுச்சீட்டில் இந்த நாட்டுக்கு வந்தவள். விமானத்தில் அம்மா என் கையைப் பிடித்து அந்தப் பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தா. அப்படி வந்த நான், ரவி மட்டும் தன் சொந்தப் பெயரில் செத்திருப்பார் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். உடனே தொலைபேசியில் அண்ணையைப் பிடித்து, ரவி ஆருடைய கடவுச்சீட்டில் வந்தவர் என்று கேட்டேன்.

"அந்தோனி எண்டு ஒரு பெடியன்ரை. ஆஸ்பத்திரி வாசலில ரவி எண்டு அவன்ரை சொந்தப் பேரைச் சொல்லி அழவும் எனக்கு ஏலாமப் போச்சு."

பக்கத்து இருக்கை

அந்தோனி பதிவேட்டில் இருந்தார். மயானத்தின் பெயர், வரிசை, இலக்கம் எல்லாம் வந்தன. கூடவே இன்னொரு தகவலும் வந்தது. கல்லறையின் தவணையைப் புதுப்பிக்க ஒருவரும் வராதபடியால், அந்த இடத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ரவி கீழேயே இருக்கிறார். அவருக்கு மேலே வேறொருவர். ரவியின் பெயர் எழுதிய எதுவும் அங்கே இல்லை. ஜெர்மனியிலும் இப்படித்தான், கல்லறைக்குத் தவணை உண்டு. தெரிந்த விஷயம் என்றாலும் அதை அண்ணையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கடத்தினேன்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி சரோ அக்கா கடைக்குள் வந்தா. பயண உறுதிக் கடிதத்தை வீட்டில் கண்டுவிட்டா. வந்த வேகத்தைப் பார்த்து, இன்றைக்கு என் பாடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கையுறையை மெதுவாகக் கழற்றினா.

"வருஷா வருஷம் தை மாசத்தில ஒரு நாள் இந்த மனிசன் வாயில ஒண்டும் வைக்காது. கேட்டா வயித்துக்குள்ள சரியில்லையாம். காரணத்தை அவர் சொல்லேக்க சொல்லட்டும், எனக்குப் பக்கத்து இருக்கையைப் போடுங்கோ."

திரும்பி வந்தபின்

பக்கத்து இருக்கையைப் பதிந்துவிட்டு, அன்றைக்கே அண்ணையைக் கடைக்குக் கூப்பிட்டு, அக்கா வருவதையும் கல்லறைச் செய்தியையும் சொன்னேன். வரிசையையும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் போன மூன்று நாளும் நான் கணினியில் கிராக்கோவின் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். மயான வாசலில் கண்ணாடிக் கூட்டுக்குள் எரிகிற மெழுகுதிரி இரண்டு வாங்கினார்களாம். இலக்கம் தேடிப் போனால், கல்லில் ஒரு வயதான போலந்துக்காரியின் படம் பதித்திருந்ததாம். அந்த இடத்தில் வைத்துத்தான் அண்ணை எல்லாவற்றையும் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார். சரோ அக்கா ஏசவில்லை. கைப்பையைத் திறந்து, என் பட்டியலில் வெட்டாமல் விட்ட கடையில் வாங்கிய கொழுக்கட்டையை எடுத்து, இலைக்குப் பதிலாக ஒரு கைக்குட்டையை விரித்துப் படைத்தாவாம். முதல் திரியை அந்த அம்மாவுக்கும், இரண்டாவதை ரவிக்கும் கொளுத்தினார்களாம்.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாமல் போய்விட்டதே என்று தொடங்கினேன். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார். அவருடைய முகத்தை அவ்வளவு தெளிவாக நான் இந்தப் பதினெட்டு வருடத்தில் கண்டதில்லை.

"அவன் தனியக் கிடக்கேல்லை தங்கச்சி, மேல ஒரு அம்மா படுத்திருக்கிறா. புதுப் பஞ்சாங்கம் வந்த உடன திதியைச் சொல்லுறன், ரெண்டு சீட்டுப் போடுங்கோ."

போடத்தான் போகிறேன், என் கணினிக்கு இன்னமும் இரண்டே கட்டங்கள்தான் தெரியும் என்பதால், தவராசா அண்ணை இனி ஒவ்வொரு தை மாதமும் கிராக்கோவுக்கு உல்லாசமாகப் போய்வருவார்.