மீனைத் தின்னாத பூனை

எங்கள் காசிமேடு கடற்கரை ரோட்டில் ஒரு வெண்கலப் பூனை சிலை இருக்கிறது. வாயில் மீனைக் கவ்விக்கொண்டு, திருட்டு முழியோடு ஓடப்போகிற மாதிரி நிற்கும்.

கடலுக்குக் கிளம்பும்போது பூனை எதிரே வந்தாலே எங்கள் ஆட்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தச் சிலையின் மூக்கைத் தட்டி, "நான் வர்ற வரிக்கும் மீனைத் துன்னாத, இன்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் போட் ஏறுவார். அவர் தட்டித் தட்டியே மூக்கு மட்டும் பளபளவென்று இருக்கும்.

ஐப்பசிக் காற்றில் போட் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. ஊரே பூனையைத்தான் திட்டியது. நானும்தான். அந்தப் பக்கமே போகாமல் இருந்தவள், வருஷத் திதி முடிந்த மதியம் ஒரு கல்லோடு போனேன். அந்த மூக்கை உடைத்தால்தான் எனக்கு ஆறும்.

பூனை உடம்பெல்லாம் உப்புக் காற்றில் களிம்பேறிப் பச்சையாகிக் கிடந்தது. மூக்கு மட்டும் அப்படியே பளபளத்தது.

அவரோடு ஒரே போட்டில் போன செல்வம் வலையோடு அந்த வழியாக வந்தார். என் கையில் இருந்த கல்லைப் பார்த்துவிட்டார்.

"நானும் சகுனம் பாக்குற ஆளுதான் அண்ணி. ஆனா அண்ணன் கைபட்ட எடம் களிம்பேறிப்போறத பாத்துகினு இருக்க முடில. அதான் நாங்க எல்லாரும் தட்டிட்டுப் போறோம்."

கல்லைப் போட்டுவிட்டு மூக்கில் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. எடுக்க மனசு வரவில்லை.

சொன்ன பேச்சைக் கேட்டு, அது இன்னும் மீனைத் தின்னாமல்தான் வைத்திருக்கிறது. வருகிறேன் என்றவர்தான் வரவில்லை.