மண்சரிவில் அணைந்த செயின் டிராக்டர்

செயின் டிராக்டர் மறுபடியும் அணைந்தது. சித்தப்பா ஓங்கிய இரும்புக் கம்பி டிரைவரின் தோளில் இறங்கியது. சதையில் இரும்பு விழும் ஓசை ஒற்றைக் கைதட்டலைப் போல் இருக்கும் என்பதை, வழக்காடுமன்ற மேடைகளில் கைதட்டல்களுக்கு நடுவே வளர்ந்த நான் அன்றுதான் அறிந்தேன். அடுத்த அடி உதட்டைக் கிழித்தது.

போடியிலிருந்து மேலேறும் மலைச்சரிவில் எங்கள் குடும்பத்து ஏலத்தோட்டம் இருக்கிறது. என் தந்தைக்கும் அதில் பங்குண்டு. நிர்வாகம் மட்டும் சித்தப்பாவிடம். அந்த வாரத்து மழையில் மண் சரிந்து ஜீப் பாதையை மூடிவிட்டது. அப்பால் பறித்து வைத்த பச்சை ஏலக்காய் மூட்டை மூட்டையாக வியர்த்துக்கொண்டிருந்தது. மண்ணை அகற்ற, சக்கரத்துக்குப் பதில் செயின்மேல் ஊரும், என்னைவிட மூத்த அந்த இரும்புக் கிழம் ஒன்றே வழி. அதை ஓட்டியவர் ராசிங்காபுரத்துக்காரர்.

சிறிது நேரம் வண்டி வெறியோடு மண்ணை முட்டும். பிறகு குரல் கம்மும், திணறும், செத்துவிடும். இம்முறை சரிவின் விளிம்பில் செத்தது. செயின் சேற்றில் வழுக்க, வண்டி பின்னோக்கிப் பாய்ந்து, ஏலத்தூர்களை நசுக்கி, பாறையில் மோதி நின்றது. அந்தப் பாறை இல்லையென்றால் டிரைவரைப் பள்ளத்தில்தான் தேடியிருப்போம். பிழைத்து இறங்கியவரைக் கம்பி வரவேற்றது.

“ராத்திரியில மூடியத் தொறந்து டீசலத் திருடி வித்துப்புட்டுத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கான்,” என்றார் சித்தப்பா. “இன்னொரு தடவ நிக்கட்டும். இவன் மலைய விட்டு நடந்து எறங்க மாட்டான்.”

“நடக்காட்டி உருட்டி விட்ருவோம், மொதலாளி,” என்றான் கத்தியோடு நின்ற தோட்டத்து ஆள் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் இருவருக்கும் நடுவே போய் நின்றேன். “தண்ணி கலந்தத யாரு பாத்தது, சித்தப்பா?”

“மேடப் பேச்ச மேடையோட வச்சுக்க, ஆத்தா.”

கம்பி என் காதோரம் ஆடியது. மேடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு: குற்றம் சாட்டுபவரை விட்டுவிட்டுச் சாட்சியிடம் திரும்புவேன். டிரைவரிடம் திரும்பினேன்.

“அணைஞ்சா மறுபடி எப்ப எடுக்குதுண்ணே?”

அவர் இரத்தத்தைத் துப்பினார். “கொஞ்சம் ஆறப் போட்டா எடுக்குது பாப்பா. ஓட ஓடத்தான் சாகுது.”

“பில்டரு?”

“மாத்தியாச்சு. பைப்புல அடைஞ்ச ஏர் எடுக்க ஸ்குரூவத் தொறந்தா டீசல் பாயல, சொட்டுது. சொட்டுறது சுத்தமாத்தான் இருக்கு.”

உள்ளங்கையில் பிடித்துக் காட்டினார். ஒரு முத்துத் தண்ணீர்கூட அதில் இல்லை.

“தண்ணி கலந்திருந்தா ஆறப் போட்டாலும் அது தண்ணிதான், சித்தப்பா,” என்றேன். “டேங்க் நெறைய டீசல் கெடக்கு. கீழ வர மாட்டேங்குதுன்னா, மேல எதுவோ புடிச்சு வச்சிருக்கு.”

எல்லாருடைய கண்களும் டேங்கின் மேல் போயின.

மழை மாதங்களில் வாயுள்ள பொருள் எதுவானாலும், உப்பு ஜாடியானாலும் மருந்து கேனானாலும், பழைய டியூப் ரப்பரை வெட்டி இறுகக் கட்டிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். மூடுபனி புகாத இடம் அங்கே இல்லை. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. அதன் மேலும் ரப்பர் சுற்றப்பட்டிருந்தது. காற்று நுழைய வழியின்றி, எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச டீசல் கீழிறங்க மறுத்திருக்கிறது. ஆறப் போட்ட நேரத்தில் மெல்லக் கசிந்து புகுந்த காற்றில்தான் வண்டி மறுபடி எடுத்திருக்கிறது. திருட்டுக்குப் பயந்து, டீசல் ஊற்றுவதையும் மூடியைக் கட்டுவதையும் வேறு எவர் கைக்கும் சித்தப்பா விட்டதில்லை.

“அத நாந்தேன் கட்டுனேன். எவனும் தொடக் கூடாது.”

டிரைவர், பக்கத்தில் நின்றவனின் கத்தியைப் பிடுங்கினார். தன்மேல்தான் பாய்கிறார் என்று எண்ணிய சித்தப்பா பின்வாங்கிக் கம்பியை உயர்த்தினார். டிரைவரோ வண்டியில் ஏறி ரப்பரை ஒரே இழுப்பில் அறுத்தார். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது.

“தொண்டய நெரிச்சுப்புட்டு, மூச்சு விடலன்னு அடிக்கிறாக,” என்றார்.

ஏர் எடுத்ததும் டீசல் பாய்ந்தது. வண்டி உறுமி எழுந்தது. வேரோடும் கல்லோடும் மண்ணைப் பெயர்த்துப் பள்ளத்தில் எறிந்தது. பாதை தெளியும்வரை ஒருமுறைகூட அணையவில்லை. மூட்டைகளோடு ஜீப் கடந்து போயிற்று.

டிரைவர் எஞ்சினை நிறுத்தி இறங்கினார். கைகளை விரல் விரலாகத் துடைத்தார். சித்தப்பாவின் எதிரே வந்தார்.

“நீங்க வெசாரிக்காம அடிச்சீக. நான் வெசாரிச்சுட்டு அடிக்கிறேன்.”

அந்த ஓர் அறையில் சித்தப்பா சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆட்களின் கைகள் கத்திப் பிடிகளைத் தேடின.

“புடிங்கடா அவன,” என்றார் சித்தப்பா.

அவர்கள் சித்தப்பாவைப் பார்த்தார்கள். பிறகு, இன்னொரு பங்காளியின் மகளான என்னைப் பார்த்தார்கள்.

“வழிய விடுங்க,” என்றேன். “அண்ணன் எறங்கட்டும்.”

“நீயும் நம்ம ரத்தந்தேனா, ஆத்தா?” என்றார் சித்தப்பா சேற்றிலிருந்து.

பதில் என்னிடம் இருந்தது, நீண்ட பதில். அதைச் சொல்லத் திரும்பினால் ஆட்களுக்கு முதுகு காட்ட நேரிடும். அதனால் டிரைவர் திருப்பத்தில் மறைந்து, அவரது காலடி ஓசையும் மழையில் கரையும்வரை, பாதையின் நடுவே ஆட்களைப் பார்த்தபடி நின்றேன்.