ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

தைசீர் பாபிகர் சூடானின் வாத் மதனி நகரில், நீல நைல் கரையோரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தாள். செவ்வாய்தோறும் மதியம் கணித மன்றம் நடத்துவதும் அவள் தலையில்தான். யாரும் கட்டவில்லை, அவளே இழுத்துவிட்டுக்கொண்டது. பேச ஒப்புக்கொண்டவர் அன்று காலை ஊரிலேயே இருக்க மாட்டார். வந்தவரோ ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்து, தொழுகை அழைப்பு கேட்டால்தான் நிறுத்துவார். பாதியில் மின்சாரம் போகும். மாணவர்கள் வருவதே வாசலில் ஹாஜிர் அம்மாள் விற்கும் இஞ்சிக் காப்பிக்காகத்தானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. துறைத்தலைவர் ஸித்தீக்குக்கு விடைத்தாள் கட்டுகளை அடுக்க இடம் வேண்டுமாம். மன்றத்தின் அறைமேல் கண். தைசீர் கெஞ்சிய பிறகு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார். இந்த வாரம் வந்து கேட்பார். பிரயோஜனம் தெரிந்தால் அறை அவர்களுக்கு, இல்லாவிட்டால் பூட்டு.

யாரையும் நம்பப் பயந்து தைசீர் தானே பேசத் துணிந்தாள். எடுத்துக்கொண்டது பிறந்தநாள் கணக்கு. ஓர் அறையில் இருபத்துமூன்று பேர் இருந்தாலே, யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. இத்தனை சிறிய கூட்டத்திலா என்று எவரும் வாய் பிளப்பார்கள். அங்கேயே சோதித்துக் காட்டிவிட்டால் ஸித்தீக் மசிந்துவிடுவார் என்று நினைத்தாள்.

அறை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஸித்தீக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தைசீர் பலகையில் மாதங்களை எழுதிவிட்டு, ஒவ்வொருவராகத் தேதி சொல்லச் சொன்னாள்.

முதலில் எழுந்த முன்தஸிர் ஜனவரி ஒன்று என்றான். பக்கத்திலிருந்தவனும் ஜனவரி ஒன்று. அடுத்த பெண் மார்ச். அதற்கடுத்து மறுபடியும் ஜனவரி ஒன்று.

அறை சிரித்தது. அப்போதுதான் தைசீருக்கு உறைத்தது. கிராமத்தில் பிறந்து எங்கும் பதிவாகாத பிள்ளைக்கு, பிறகு டாக்டர் பல்லைப் பார்த்துக் குத்துமதிப்பாக வயது எழுதுவார். வருடம் மாறும், நாள் எப்போதும் ஜனவரி ஒன்றுதான். அவளுடைய அண்ணன் சான்றிதழிலும் அதுதான். வாரம் முழுக்கத் தயார் செய்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

"உஸ்தாஸா, இது கணக்கு இல்ல," என்று ஆசிரியையிடம் சொன்னான் முன்தஸிர். "எங்க எல்லாரையும் ஒரே டாக்டர் பெத்துப் போட்டிருக்காரு."

"சான்றிதழ விடுடா. உங்கம்மா சொன்ன தேதியச் சொல்லு."

அது இன்னும் மோசமாகப் போனது. ஒருவன் வெள்ளம் வந்த வருஷம் என்றான். ஒருத்தி சோளம் அறுத்து முடித்த மறுநாள் என்றாள். அது எந்த மாதம் என்று இரண்டு ஊர்க்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். அறையைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று தானே சொல்லிவிடலாமா என்றிருந்தது தைசீருக்கு.

ஸித்தீக் எழுந்தார். "நானும் ஜனவரி ஒண்ணுதாம்மா. எல்லா நாளும் சமம்னுதானே நீ கணக்குப் போட்ட? இங்க சமமில்லையே. அப்ப உன் கணக்கு உடைஞ்சுதா?"

எரிச்சலில் இருந்தவளுக்குப் பதில் தானாக வந்தது. "உடையல உஸ்தாத். ஒரே நாள்ல ஆளு குவியக் குவிய ரெண்டு பேர் பொருந்துறது இன்னும் சுலபம். எல்லா நாளும் சமமா இருக்கும்போதுதான் வாய்ப்பு இருக்கறதுலயே குறைவு. அதுலயே பாதிக்கு மேல வருது."

"எப்பவுமேவா? நிரூபி."

எளிமைக்காக, ஆண்டில் இரண்டே நாள் என்று வைத்து அவள் பலகையில் தொடங்கினாள். நான்காவது வரியில் ஸித்தீக் வந்து அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். பிறகு திருப்பித் தரவே இல்லை. தொழுகை அழைப்பு கேட்டது, அவர் நிறுத்தவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பலகையில் இடம் தீர்ந்த பிறகுதான் திரும்பினார்.

"மிச்சத்த அடுத்த செவ்வாய் நான் முடிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் பலகையில கை வைக்கக் கூடாது."

விடைத்தாள் கட்டுகள் என்னவாகும் என்று அவள் கேட்டாள். தன் அறையிலேயே கிடக்கட்டும் என்று கையை வீசிவிட்டு நடந்தார்.

தைசீர் வெளியே வந்து ஹாஜிர் அம்மாளின் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்ன பொண்ணே, பூட்டிட்டாங்களா?"

"இல்ல சின்னம்மா. நிறுத்தாமப் பேசுற ஆளு இன்னொண்ணு சேந்துடுச்சு."