அக்கா விட்டுக்கொடுத்த மைனா மார்க்

எங்கள் அக்கா பிறந்தது அன்னூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், வாழ்க்கைப்பட்டது கணபதியில். அத்தான் காய்ச்சலில் காலமானபோது அக்காவுக்குக் குழந்தையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி நிலமும் இல்லை. சீயக்காய் இடித்துச் சலித்து, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். துணைக்கு வந்த தம்பியாகிய நான் ஊருக்குத் திரும்பவே இல்லை.

பைகாரா மின்சாரம் வந்தபின் மிஷினில் அரைத்துப் பொட்டலம் போட ஆரம்பித்தோம். பொட்டலத்திற்கு மைனா மார்க் வைக்கலாம் என்று அக்கா நினைத்தார். மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளைப் பூ வந்தது. அம்மன் சம்மதம் கிடைத்துவிட்டதென்று மைனா படம் போட்ட சீட்டுகளை உடனே அச்சடித்துவிட்டோம். வேறு யாராவது அதே மார்க் வைத்திருப்பார்களோ என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதிவுக்காகப் பார்க்கப் போன வக்கீலுக்குத்தான் தோன்றியது. மார்க் எங்களுடையது என்று பத்திரம் எழுதிப் பதிவதற்கு முன், சுற்றுவட்டாரக் கடைகளைப் பார்த்து வரச் சொன்னார். நான் போனேன். பொள்ளாச்சி வரையில் ஒன்றுமில்லை. ஆனைமலைச் சந்தையில் ஒரு பெரியவர் மைனா மார்க் சீயக்காய் விற்றுக்கொண்டிருந்தார், பல வருஷமாக.

“அவரு பதியலீங்க. நீங்க முந்திக்கிட்டா அவரால கேசு போட ஆகாது” என்றார் வக்கீல்.

எங்கள் மாமாவுக்கு அது போதும். “அம்மணி, ஆத்தாளே குடுத்த மார்க்கு. அத உட்டுப்போடுவியா?”

“நமக்கு ஆகுமான்னுதானுங் மாமா ஆத்தாளக் கேட்டோம். அடுத்தவங்களுதா இல்லியான்னு கேக்கவே இல்லீங்களே.”

மறுநாள் அக்காவும் நானும் ஆனைமலை போனோம். விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “கேசுக்கெல்லாம் நான் தாங்கமாட்டனுங் அம்மணி. ஆனா மைனா இல்லீன்னா என்ற தூள ஒருத்தரும் வாங்கமாட்டாங்க.”

“கேசுக்கு வரலீங்க. மார்க்க ஒங்க பேருல பதிஞ்சுபோடலாம், கெளம்புங்க.”

“என்ற பேரு எனக்கே எழுத வராதுங்களே.”

“கைநாட்டு போதுமுங்க. வக்கீலு படிச்சிருக்காரு, எழுதட்டும்” என்றார் அக்கா. பெரியவர் அப்போதுதான் சிரித்தார்.

அவர் பெயரில் மைனாவும் அக்கா பெயரில் புதிதாகச் சீப்பு மார்க்கும் ஒரே நாளில் பதிவாயின. எங்கள் சீட்டுகள் அடுப்பெரிக்கப் போயின. சீப்பு மார்க் ஜனங்களுக்குப் பழகும்வரை வெகுவாகக் கஷ்டப்பட்டோம். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தைப் பொங்கலுக்குப் பெரியவர் வீட்டுக்கு மஞ்சளும் கரும்பும் அனுப்பத் தவறியதுமில்லை.

சென்ற வருஷம் நெஞ்சுவலி கண்டு, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அக்கா கண்மூடினார். படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், செய்தி சொல்லச் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்த மிஷின்காரர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு நா எழவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அக்காவைக் குளிப்பாட்டும் நேரத்தில் ஆனைமலைப் பெரியவர் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“ஒங்க ஊட்டுல இல்லாததில்லீங் தம்பி” என்றார்.

வீடு நிறையச் சீப்பு மார்க் தூள் இருந்தது. மாமாதான் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். அக்காவின் தலைக்கு மைனா மார்க் சீயக்காய் வைத்துத்தான் குளிப்பாட்டினோம்.