காலைக் குடுங்க அம்மணி

கோயமுத்தூரில் நடுங்கும் அளவுக்குக் குளிர் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் ஊட்டியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறேனாம். தொண்ணூறுகளின் மார்கழியில், விடிவதற்கு முன்னால், வடவள்ளிக்கு மேற்கேயிருந்து ஆர்.எஸ்.புரம் வரைக்கும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சாட்சி சொல்ல வரலாம். உடம்புக்கு ஸ்வெட்டர் உண்டு, தலைக்கு மப்ளர் உண்டு. கால்தான் கேட்பாரற்றுப் போகும். அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டு வரும், மலைக்காற்று முழுவதையும் வாங்கிக்கொள்ளும்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, பம்புசெட்டுக்கான சாமான்களைக் கடைந்து கொடுத்துவந்தார். என்னை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவைக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதம். ஆர்.எஸ்.புரத்தில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடம் வந்தது, கணக்குதான் வரவில்லை. அதற்காக அம்மாவே நேரில் போய், ஒரு டீச்சர் வீட்டில் காலை ஆறரை மணி டியூஷனுக்குச் சேர்த்துவிட்டு வந்தார். அந்த நேரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே அப்பாவின் சைக்கிள்.

முதல் நாள் ஷூவும் நைலான் சாக்ஸும் மாட்டிக்கொண்டுதான் போனேன். லாலி ரோட்டை அடைவதற்குள் கால்விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது. டீச்சர் வீட்டு கேட்டில் கேரியரிலிருந்து குதித்து இறங்கினேன். கால் தரையில் பட்டதே தெரியாமல் குப்புற விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, தெருவே எழுந்துகொள்ளும்படி அழுதேன்.

அன்று சாயங்காலம் அப்பா லேத்தை நிறுத்திவிட்டு வந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பழுதுக்கு வந்த சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஷூ இறுக்கிப் புடிக்குதுங்க கண்ணு. ரத்தம் ஓடுனாத்தானுங்க காலு சூடா இருக்கும். லூசா இருக்கோணும், ஆனா காத்து மட்டும் உள்ள போகப்படாது” என்றார்.

மறுநாளே அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வரும். பட்டறைகளில் எண்ணெய் துடைக்கிற துணி அது. அதில் கறை படாத நீளத் துண்டுகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை தளர்வாகச் சுற்றினார். அதன்மேல் பழைய பேப்பரில் இரண்டு தாள். அதற்கும் மேலே, யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்து வெட்டிய ஒரு பை. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த, பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து அறுத்த வளையம் ஒன்று. ஷூவும் சாக்ஸும் ஹேண்டில்பாரில் மஞ்சள் பையில் தொங்கிக்கொண்டு வரும். பார்ப்பவர்களுக்கு எனக்கு யானைக்கால் என்று தோன்றியிருக்கும். ஆனால் பொய் சொல்லக்கூடாது, கால் கதகதவென்று இருந்தது.

அப்பா ரப்பர் செருப்போடுதான் மிதித்தார். உங்களுக்குக் குளிரலீங்களாப்பா என்று ஒருமுறை கேட்டேன். “மிதிக்கறவனுக்கு எங்கீங்க குளிரு?” என்றார். நானும் நம்பினேன்.

ஒரு மகளிடம் எதற்கு இத்தனை ‘ங்க’ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். கன்றுக்குட்டி குறுக்கே நின்றால்கூட அப்பா, “சித்த தள்ளி நில்லுங்க சாமி” என்பார். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணு, சாமி, அம்மணி. அதட்டும்போதும் அம்மணிதான், குரல் மட்டும் கொஞ்சம் கனக்கும்.

டீச்சர் வீட்டு கேட்டுக்கு வெளியே தினமும் ஐந்து நிமிஷம் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். நான் கேரியரை விட்டு இறங்கமாட்டேன், மகாராணி. அவர் தரையில் குந்தவைத்து உட்கார்ந்து, “காலைக் குடுங்க அம்மணி” என்பார். நான் கொடுப்பேன். ட்யூபைக் கழற்றி, பிளாஸ்டிக்கை உருவி, பேப்பரை மடித்து, துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, இரண்டு உள்ளங்கையாலும் பாதத்தைத் தேய்த்துவிட்டு, சாக்ஸ் போட்டு, ஷூவின் கயிறு கட்டுவார். பிறகு, “அந்தக் காலுங்க” என்பார்.

பள்ளியில் என் பக்கத்தில் ஒரு சென்னைப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா பேங்க் ஆபீசர், மாற்றலாகி வந்தவர். அவளிடம் இல்லாத பொருளே கிடையாது. சிவப்புக் கம்பளி சாக்ஸ், பூப்போட்ட வாட்டர் பாட்டில், தனக்கென்று ஒரு லேடீஸ் சைக்கிள். எனக்கு அவளிடம் பெரிய மயக்கம். அவள் என்னை பெஸ்ட் ஃப்ரெண்ட் என்று வகுப்பில் சொன்ன நாளில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவளும் இதே டியூஷனில் வந்து சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் நாள் நேரத்தோடு வந்துவிட்டாள். அப்பா என் இரண்டாவது காலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கி அவளோடு உள்ளே நடந்தேன். வாசற்படியில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏய், அவரு யாரு? உங்க வீட்ல வேலை செய்றவரா? உன்னைப் போய் வாங்க போங்கன்றாரு! ஷூ எல்லாம் மாட்டி விடறாரு!”

அவள் கேலியாகக் கேட்கவில்லை. வியந்துபோய்த்தான் கேட்டாள். அவள் வீட்டில் அப்பா மகளை வாடி போடி என்பார், மகள் அப்பாவை வா போ என்பாள். பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒரு சிறுமியின் காலைத் தொட்டு ‘அம்மணி’ என்றால், அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘இல்லை, அது எங்கப்பா’ என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அந்த எண்ணெய்ப் பிசுக்கு பிடித்த காக்கி டவுசரும், காதோடு சேர்த்துக் கட்டிய துண்டும், கையில் சுருட்டிப் பிடித்திருந்த வேஸ்ட் துணியும் ஒரு நொடி என் கண்ணில் பட்டன.

“ஆமா” என்றேன்.

இதை எழுதுவதற்கே எனக்குக் கூசுகிறது. ஒரு வார்த்தையோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, இவர் தோட்டத்தில் இருப்பவர், அப்பாவுக்குப் பெரிய கம்பெனி, காரை எடுத்துக்கொண்டு வெளியூர் வெளியூராகப் போய்விடுவார் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கேட்டிலிருந்து படி பத்தடிதான் இருக்கும். நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

மறுநாளும் அப்பா துணி சுற்றினார், கேட்டில் அவிழ்த்தார். ஆனால் அந்தக் கேட்டருகே கண்ணு, சாமி எல்லாம் நின்றுபோயின. அம்மணி மட்டும் இருந்தது. உள்ளே போகும்போது தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார், அதுவும் இல்லை. சென்னைக்காரி சைக்கிளில் வருவது தெரிந்தால் எழுந்து இரண்டடி தள்ளி நின்று, என் புத்தகப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு இது சௌகரியமாக இருந்தது. பட்டறையில் வேலை அதிகம்போல, அந்த அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவளுடைய சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது.

“அண்ணா, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன்” என்று அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் திரும்பி, “சொல்லலாம்ல?” என்று கேட்டாள்.

“சொல்லலாம்” என்றேன்.

அப்பா செயினை மாட்டி, பெடலைச் சுற்றிப் பார்த்து, தளர்ந்திருந்த பின்சக்கர நட்டையும் தன் பையிலிருந்த ஸ்பேனரால் முறுக்கிக் கொடுத்தார். “பாத்து ஓட்டுங்க அம்மணி” என்றார். அவளையும் அம்மணி என்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அது பொறாமை. பொய் சொன்னவளுக்குப் பொறாமை ஒரு கேடு.

பொங்கல் முடிந்து ஒருநாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை மார்க்கைப் பற்றிப் பேசவேண்டும், அவரவர் அப்பாவை அழைத்துவாருங்கள் என்றார் டீச்சர். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸ் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்று டீச்சர் வீட்டு வராந்தாவில் அப்பாக்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னைக்காரியின் அப்பா மடிப்புக் கலையாத சட்டையில் முதல் ஆளாக இருந்தார். அவள் என் தோளில் கைபோட்டு நின்றிருந்தாள். என் அப்பா கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றிருந்தார். இத்தனை அப்பாக்களைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

“உங்கப்பா எங்கம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. அப்பா ஊரில் இல்லை என்று சொன்னால் வெளியே நிற்பவர் காதில் விழும். அதோ நிற்கிறார் என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவள் காதில் விழும். என் கண் மட்டும் கேட்டுப் பக்கம் போய்வந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வராந்தா ஓரத்துக்கு வந்து கேட்டைப் பார்த்தார்.

“ஏங்க, நீங்கதான் இந்தப் பொண்ணோட அப்பாவா?”

என் தோளிலிருந்த கை அப்படியே இருந்தது. அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“இல்லீங்க டீச்சர். அவங்கப்பாவுக்கு அவசரச் சோலி ஒண்ணு வந்துபோட்டுதுங்க. நீங்க என்ன சொல்லோணுமோ எங்கிட்டச் சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிப்போடறேன்.”

டீச்சர் அவரை உள்ளே வரச் சொன்னார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

“கணக்குல இங்க இவதான் முதல் மார்க். சேரும்போது கூட்டல்கூடத் தப்பாப் போட்டா. குளிர்ல ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லை. இப்படி ஒரு பொண்ணு கிடைக்க அவங்கப்பா குடுத்துவச்சிருக்கணும்னு நான் சொன்னதாச் சொல்லுங்க.”

அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“கண்டிப்பாச் சொல்றேனுங்க” என்றார்.

திரும்பி வரும்போது நன்றாக வெயில் ஏறியிருந்தது. கேரியரில் உட்கார்ந்து வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். முதல் மார்க் வாங்கிய சந்தோஷம் பாதி, மாட்டிக்கொள்ளாத சந்தோஷம் பாதி. எது அதிகம் என்று இப்போது சொன்னால் இன்னும் அசிங்கம். அப்பா ம் கொட்டிக்கொண்டே மிதித்தார். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துவதற்குள், “அம்மணிதானுங்க கணக்குல மொதல் மார்க்காமா! டீச்சரே கூப்புட்டுச் சொன்னாங்க!” என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். பெற்றவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொன்னதையும் வார்த்தை பிசகாமல் சொன்னார். தன்னிடம் டீச்சர் முதலில் கேட்ட கேள்வியையும், தான் சொன்ன பதிலையும் மட்டும் சொல்லவில்லை.

அம்மா கையில் வைத்த வெல்லத்தைத் தின்றுகொண்டே நான் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். அழுக்குச் சட்டையோடு டீச்சர் முன்னால் போய் உட்கார அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும், அதனால்தான் அப்படியொரு பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார், என் அதிர்ஷ்டம் அது எனக்கும் பொருந்திவிட்டது என்று முடிவுகட்டினேன். பாவம் அப்பா, வெட்கப்படுகிறார் என்று அவர்மீது எனக்கு இரக்கம்கூட வந்தது.