ஆறேகால் பஸ்ஸைக் கொண்டுவந்தது யார்

எங்கள் தெருவில் எல்லாம் கூரை வீடாக இருந்தபோது முதல் மாடி வீடு நான் கட்டினது. பாறைதான் வரும், தண்ணி வராது என்று போர் போடுகிறவனே கையெடுத்துக் கும்பிட்ட இடத்தில், இன்னும் பத்தடி இறக்குடா என்று நின்று தண்ணி எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஒரே ஒரு ஓட்டை ஸ்பீக்கரில் ஆரம்பித்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் கோயிலானாலும் சர்ச்சானாலும் கூப்பிட்டு விடுகிற மைக் செட் வைத்தேன். மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். கடைசியாக, எங்கள் ஊருக்குக் காலை ஆறேகால் பஸ்ஸைக் கொண்டுவந்தேன்.

மற்றதெல்லாம் நான்தான் செய்தேன் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். பஸ் விஷயத்தில் மட்டும் தகராறு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் எம்.எல்.ஏ. அம்மா முன்னே கணக்கு டீச்சராக இருந்தவர். சட்டமன்றம் நடக்கிற நாளெல்லாம் சாயங்காலம் வெளியே வந்து கார் ஏறியதும், தொகுதி வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவார். இன்று இதைக் கேட்டேன், அமைச்சர் இப்படிச் சொன்னார், இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். நல்ல பழக்கம்தான், ஆனால் யார் கேட்கிறார்கள்? அந்தக் குரூப்பில் விடிந்தால் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் வந்து குவிகிறது என்று பாதி ஊர் சத்தத்தை அணைத்து வைத்திருந்தது.

அதனால் நான் இறங்கினேன். ஷிப்ட் விட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிற கூட்டுரோட்டில் ஸ்பீக்கரைக் கட்டி, அம்மாவின் குரலைப் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அம்மா பேசி முடித்ததும் மைக்கைப் பிடித்து நான் விளக்கம் சொல்வேன். அவர் பேச்சு உப்பில்லாத கஞ்சி மாதிரி. உப்பு என்னுடையது.

என் மருமகள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் கம்பெனி பஸ் கிடையாது. ஏழு மணி ஷிப்டுக்கு ஷேர் ஆட்டோதான். அது நிறைந்தால்தான் நகரும். பத்து நிமிஷம் தாமதமானால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டது. மகன் காட்டுப்பள்ளியில் வேலை, ஐந்து மணிக்கே பைக்கில் அந்தப் பக்கம் போய்விடுவான். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் குரல் வந்தது. காலை ஆறேகாலுக்கு எங்கள் ஊரிலிருந்து தொழிற்பேட்டைக்குப் பஸ் கேட்டிருக்கிறார். அமைச்சர் எழுந்து, ஆய்வு செய்து முடிவு எடுக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் மைக் செட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அம்மனுக்கு இன்னும் புடவையே கட்டியிருக்க மாட்டார்கள், நாங்கள் "அம்மன் புறப்பட்டுவிட்டாள்" என்று சொல்லிவிடுவோம். அதைக் கேட்டுத்தான் உள்ளே இருக்கிறவன் வேகமாகக் கட்டுவான். நானும் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்: "தாய்மார்களே, திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு நம்ம ஊருக்குப் பஸ்!"

கைதட்டல் அடங்கவே இல்லை.

திங்கட்கிழமை நாற்பது பெண்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். டிரைவருக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சுற்றிப் போட்டு உடைக்கப் பூசணிக்காய், எல்லாம் தயார். என் பேச்சை நம்பி மருமகள் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டாள். ஆறேகால் ஆனது. ஆறரை ஆனது.

"இன்னா நைனா, உன் பஸ்ஸு ஆந்திராவைச் சுத்திக்கினு வருதா?" என்றாள் ஒருத்தி.

"பார்டர் தாண்டித் தடாவாண்ட நாஷ்டா துன்னுக்கினு இருக்கும். வரட்டும், பாவம்" என்றாள் இன்னொருத்தி.

ஆறேமுக்காலுக்கு எல்லோரும் கிடைக்கிற வண்டியைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். பூசணிக்காயை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் மருமகள் திரும்பி வந்துவிட்டாள். கேட்டில் விடவில்லை.

"மாமா, இதோட மூணு. கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு தபா லேட்டுன்னா வேலை இல்லயாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எம்.எல்.ஏ. அம்மாவுக்குப் போன் போட்டேன். "இன்னாம்மா, பஸ்ஸக் காணோமே?"

"எந்த பஸ் பெரியவரே?"

சொன்னேன். "நான் அனுப்பினதை மறுபடி போட்டுக் கேளுங்க. பஸ் வருதுன்னு எங்கே சொன்னேன்?" என்றார். கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்த மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"எத்தனை பேர் நின்னாங்க?"

"நாப்பது. எண்ணினேன். மாலையும் பூசணிக்காயுமா."

"போட்டோ இருக்கா?" என்றார்.

இருந்தது. மருமகளே எடுத்தது, பஸ் வந்தால் என் மகனுக்கு அனுப்பலாம் என்று. அதை அம்மாவுக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை அம்மா சபையில் எழுந்து, என் தொகுதியில் வராத பஸ்ஸுக்கு நாற்பது பெண்கள் மாலையோடு நின்றார்கள் என்று பேசினாராம். சபையே சிரித்ததாம், அமைச்சரும் சேர்ந்துதான். வெளியே வந்ததும் அமைச்சரிடம் போட்டோவைக் காட்டியிருக்கிறார். வியாழக்கிழமை சாயங்காலம் குரல் வந்தது: திங்கள் முதல் ஒரு மாதம் சோதனையாக ஆறேகால் பஸ் ஓடும், ஆள் ஏறினால் தொடரும்.

கூட்டுரோட்டில் போட்டேன். மைக்கைத் தொட்டதும், "நைனா, நீ ஒண்ணும் சொல்லாத, அம்மா சொன்னது போதும்" என்று ஒரே கூச்சல். ஆனாலும் என் ஸ்பீக்கரில் வந்தது என்பதால் யாரும் நம்பவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பஸ் நிஜமாகவே வந்தது. ஸ்டாப்பில் நான் ஒருவன்தான். எதிரே மருமகள் ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்தாள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லயே பெரியவரே. காலியாப் போனா ஒரு வாரத்துல டிரிப்பைத் தூக்கிடுவாங்க."

"ரெண்டே நிமிஷம், சார்."

ஓடினேன். எழுபது வயசில் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டு வாசலில் இருந்த மைக்கைப் போட்டுக் கத்தினேன்: "பஸ் வந்திருக்குது! பொய்யின்னா என் மைக் செட்டை ஏரில போடுங்க!"

ஈரத் தலையோடு ஒருத்தி, தோசையை மென்றுகொண்டே ஒருத்தி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி. முப்பது பேராவது ஏறினார்கள். மருமகள் ஆட்டோவிலிருந்து காலை எடுத்தாள். ஏறும்போது, "லேட்டாச்சுன்னா நீங்கதான் மாமா நாளைக்கு பேக்கிங் பண்ணணும்" என்றாள். ஆறு ஐம்பதுக்கு கேட்டுக்குள் போய்விட்டாள். இன்றைக்கும் அதே பஸ்ஸில்தான் போகிறாள். சோதனை மாதம் முடிந்தும் பஸ் நிற்கவில்லை.

கூட்டத்தொடர் முடிந்ததும் அம்மா ஒரு நோட்டீஸ் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். சபையில் கேட்டது எத்தனை, கிடைத்தது எத்தனை, எல்லாம் வரிசையாக இருந்தது. நான்காவதாக ஆறேகால் பஸ். "மகளிரின் ஆர்வத்தால்" என்று போட்டிருந்தது. மருமகளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நேரே ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன்.

"தப்பாச் சொன்னதுக்கா பெரியவரே பேர் போடணும்?" என்று சிரித்தார் அம்மா.

"ஆமாம்மா. நான் சரியாச் சொல்லியிருந்தா யாரு மாலையோட நின்னிருப்பாங்க? நீங்க எதைக் காட்டியிருப்பீங்க? அந்த ஆய்வு இன்னும் நடந்துக்கினு இருக்கும்."

அம்மா டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ குடிக்க நான் போகவில்லை.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால், நான்காவது வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். மைக் செட்காரர் முன்கூட்டியே அறிவித்ததால் கிடைத்தது என்று இருக்க வேண்டும். எழுத்து பெரிசாக இருக்கட்டும், எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.