முத்துக்குமாருவின் போனில் மட்டும் வந்த பெயர்

வல்வெட்டித்துறைக் கரையில் முத்துக்குமாரு சம்மாட்டியை அறியாதவர் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், தன் கையுழைப்பில் மூன்று படகு வாங்கிச் சம்மாட்டி ஆனார். படித்தவர்களில் எத்தனை பேர் அப்படி வாங்கிக் காட்டினார்கள்? போனில் எழுதவும் அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒற்றை விரலால் தானே பழகினார்.

பழகியது மகன் சிவதர்ஷனுக்காக. ஏஜென்சிக்காரனை நம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்டவன், போலந்து எல்லைக் காட்டுக்குள் இறங்கும்போது போனில் கதைத்தான். அதோடு சரி. வருடங்கள் போய்விட்டன. கீரிமலையில் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கடமையைச் செய்வோம், பிள்ளையின் ஆத்மா அலையக்கூடாது என்று மனைவி ஞானாம்பிகை அழுதாள். அவர் விடவில்லை. மகன் உயிரோடு இருப்பதற்கு அவரிடம் அத்தாட்சி இருந்தது.

எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளை பெயர் பின்னுக்கு. தேடும் பெட்டியில் தன் பெயரில் பாதியை அவர் எழுதுமுன்னமே, ‘முத்துக்குமாரு சிவதர்ஷன் எங்கே’ என்று போன் மீதியை நிரப்பிவிடும். கன சனம் கேட்பதைத்தான் அது முதலில் காட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மீனை ஏலம் கூறி விற்கும் இடத்தில், வியாபாரி நீக்கிலாப்பிள்ளையிடம் போனை நீட்டினார்.

“பார் ஐசே, உலகமே என்ரை மோனைத் தேடுது. செத்தவனை ஆர் தேடுவான்?”

“பொறுங்கோ அண்ணை, என்ரையிலையும் அடிச்சுப் பாப்பம்.”

அவனுடைய போனில் ஏதோ ஒரு முத்துக்குமாரு கல்யாண மண்டபம் வந்தது; பிறகு ஒரு நகைக்கடை. சிவதர்ஷன் வரவே இல்லை.

“உன்ரை மீன் மாதிரித்தான் உன்ரை போனும்,” என்று ஏசிவிட்டு முத்துக்குமாரு வீட்டுக்கு வந்தார். மகள் தக்சாயினியின் போனிலும் கல்யாண மண்டபம்தான் முதல்.

“அப்பா, கன சனம் கேக்கிறது, இப்ப புதிசாக் கேக்கிறது, கிட்டடியிலை இருக்கிறது எல்லாம் பாத்துத்தான் அது வரிசைப்படுத்தும். ஆனா அவையவை முந்தித் தேடினதை அவையின்ரை போனிலை மேலை போடும். உங்கடை போனிலை வாறது நீங்கள் கேட்டது.”

“நான் மட்டுமோ?”

அவள் தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நீ கேக்கேல்லையோ பிள்ளை? கூடப்பிறந்தவனெல்லோ?”

“ஒவ்வொரு நாளும் கேட்டனான் அப்பா. பெட்டியைத் திறந்தால் அண்ணையின்ரை பேர்தான் வந்து நிக்கும். தாங்கேலாமல் தேடினது எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்.”

முத்துக்குமாரு போனைச் சட்டைப்பையில் போட்டார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஞானம், ஐயரிட்டை நாள் கேள்.”

அவள் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

“எந்த நாளெண்டு எனக்குச் சொல்லாதை. கீரிமலைக்கு வாகனம் பிடிச்சுப்போட்டுக் கூப்பிடு, வாறன்.”